உயரம் குறைத்த பிக்கப்பும் அளக்கப்படாத கோணங்களும்

கேரளத்தில் வாகன மாற்றியமைப்பு பற்றிய விவாதம் சில ஆண்டுகளுக்கொருமுறை தவறாமல் மூண்டுவிடுகிறது. 2021 ஆகஸ்டில் கண்ணூரில் யூட்டியூபர் சகோதரர் இருவரின் வேனை மோட்டார் வாகனத் துறை கைப்பற்றியபோது மாநிலமே இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. 2024 மே மாதத்தில் ஆலப்புழை மாவட்டத்தில் ஒருவர் தம் காருக்குள் நீச்சற்குளம் அமைத்து ஓட்டிய செய்தி உயர்நீதிமன்றத்தின் கவனம்வரை சென்றது. இரு நிகழ்வுகளிலும் பேசப்பட்டவை கண்ணுக்குத் தெரிந்தவை: வண்ணம், விளக்கு, சக்கரத்தின் அகலம், தண்ணீர். திருவனந்தபுரத்தில் கவடியாரிலிருந்து வெள்ளயம்பலம் செல்லும் அகன்ற சாலையில் உயரம் குறைத்த பிக்கப் ஒன்று போனால் அதைப் பற்றிய பேச்சும் இதே தடத்தில்தான் ஓடும். ஒரு சாரார் அழகு என்பர். மறு சாரார் அடாவடி என்பர். அந்த வண்டியின் நான்கு சக்கரங்களும் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று இரு சாராரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய கேள்வி அதுவே. ஒரு பிக்கப்பின் உயரத்தைக் குறைப்பது தன்னளவில் குற்றமோ ஆபத்தோ அன்று. உயரத்தைக் குறைத்துவிட்டு, அதனால் இடம்பெயர்ந்த கோணங்களை அளக்காமலும் திருத்தாமலும் சாலையில் விடுவதுதான் ஆபத்து. சட்டமும் பட்டறையும் பொதுப்பேச்சும் இந்த வேறுபாட்டைக் காணத் தவறுகின்றன. கோணம் கண்ணுக்குத் தெரியாது என்பதே அதற்குக் காரணம்.

இங்கு இவ்வாறு மாற்றப்படும் பிக்கப்புகளில் எடுத்துக்காட்டாகக் கொள்ளத்தக்கது இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் 2016-இல் திறக்கப்பட்ட தொழிற்சாலையில் தயாராவது. சரக்கு வண்டியின் உடல். ஆனால் தனியார் வாகனமாகவே பதிவாகிறது. இந்த வண்டியின் மரபுவரிசையில் சுவையான செய்தி ஒன்று உண்டு. 1972-இல் அமெரிக்காவில் செவ்ரலே லவ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த சிறு பிக்கப்பை ஜப்பானில் தயாரித்து அனுப்பியது இசுசு நிறுவனமே. கலிபோர்னிய இளைஞர்கள் தரையோடு ஒட்டும்படி இறக்கி அலங்கரித்த சிறு பிக்கப்புகளுள் அதுவும் ஒன்று. டி-மேக்ஸ் அதன் வழித்தோன்றல். தாய்லாந்தில் இன்றும் உயரம் குறைத்த டி-மேக்ஸ்கள் ஏராளம். ஆகவே திருவனந்தபுரத்து இளைஞர் ஒருவர் தம் பிக்கப்பை இறக்கும்போது அவர் புதிதாக எதையும் கெடுத்துவிடவில்லை. அரை நூற்றாண்டுப் பழக்கம் ஒன்றின் வால்முனையில் நிற்கிறார். அந்த அரை நூற்றாண்டில் திரண்ட அறிவு அவர் செல்லும் பட்டறைக்கு வந்து சேர்ந்திருக்கிறதா என்பதுதான் ஐயம்.

முன்பக்கத்திலிருந்து தொடங்கலாம். இத்தகைய பிக்கப்புகளில் முன்சக்கரம் ஒவ்வொன்றும் மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்களால் சேசிஸுடன் பிணைக்கப்பட்டிருக்கும். மேல் ஆர்ம் நீளம் குறைந்தது; கீழ் ஆர்ம் நீளமானது. இந்த நீள வேறுபாடு வேண்டுமென்றே வைக்கப்பட்டது. வளைவில் வண்டி சாயும்போது சாயும் பக்கத்துச் சக்கரம் மேலேறுகிறது. குட்டையான மேல் ஆர்ம் அதன் தலையைச் சற்று உள்ளிழுக்கிறது. அதனால் டயர் சாலையோடு படிந்து நிற்கிறது. அளவு குறைந்த ஸ்பிரிங்கைப் போட்டு வண்டியை இறக்கினால் சக்கரம் எப்போதும் பாதி மேலேறிய நிலையிலேயே நிற்கும். வளைவுக்கென்று வைத்திருந்த சாய்வு நேர்ச்சாலையிலும் நீடிக்கும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். இந்தச் சாய்வுக்குக் கேம்பர் என்று பெயர்.

டோ என்பது வேறு. அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் கால்விரல் என்பதே பொருள். நிற்பவரின் பாதங்கள் உட்புறம் திரும்பியிருக்கின்றனவா வெளிப்புறம் திரும்பியிருக்கின்றனவா என்பதுபோல, மேலிருந்து பார்க்கையில் இரு சக்கரங்களும் எப்புறம் நோக்குகின்றன என்பதைக் குறிப்பது. ஆர்ம்கள் மேலேறும்போது ஸ்டியரிங்கோடு சக்கரத்தை இணைக்கும் டை ராடும் மேலேறுகிறது. ஆனால் அது வரையும் வில்லும் ஆர்ம்கள் வரையும் வில்லும் ஒன்றல்ல. ஆகவே உயரம் குறைந்தவுடன் சக்கரங்களின் நோக்கும் மாறிவிடும். ஒரு சக்கரம் 0.2 பாகை மட்டும் திரும்பியிருப்பதாகக் கொள்வோம். கண்ணால் அதைக் காண இயலாது. ஆயினும் வண்டி ஒரு கிலோமீட்டர் செல்வதற்குள் அந்த டயர் ஏறத்தாழ 3.5 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்பட்டிருக்கும். சுசீந்திரத்தில் மார்கழித் தேரோட்டத்தைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தேருக்கு ஸ்டியரிங் இல்லை. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை கொடுத்து, தேய்த்தே அதைத் திருப்புகிறார்கள். டோ தவறிய பிக்கப் தன் டயருக்கடியில் கண்ணுக்குத் தெரியாத முட்டுக்கட்டையொன்றைச் சுமந்துகொண்டு பாறசாலைவரை போய்த் திரும்புகிறது.

மூன்றாவது காஸ்டர். சைக்கிளின் முன்கவை பின்சாய்ந்திருப்பதால்தான் கையை விட்டாலும் சக்கரம் நேராகிறது. பிக்கப்பின் முன்சக்கரம் திரும்பும் அச்சும் அவ்வாறே பின்சாய்ந்திருக்கிறது. வி-கிராஸின் முன் பின் சக்கரங்களுக்கிடையே 3,095 மி.மீ. இருக்கிறது. முன்பக்கத்தை மட்டும் 50 மி.மீ. இறக்கிப் பின்பக்கத்தை அப்படியே விட்டால் வண்டி முழுவதுமே ஏறத்தாழ 0.9 பாகை முன்னோக்கிச் சாயும். காஸ்டர் அவ்வளவு குறையும். நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் இலகுவாகி, நேர்க்கோட்டில் நிற்காமல் அலையும். ஓட்டுநர் அதைக் காற்றின் மேலோ சாலையின் மேலோ ஏற்றிச் சொல்வார்.

மொழியியல் மாணவர்களுக்கு இவ்விடத்தில் ஓர் ஆர்வம் பிறக்கலாம். வீல் அலைன்மெண்ட் என்னும் தொடர் இம்மூன்று கோணங்களையும், இவற்றோடு பின்சக்கரங்களின் நிலையையும் சேர்த்துக் குறிப்பது. நம் டயர்க் கடைகளிலும் பட்டறைகளிலும் அது பெரும்பாலும் டோவைச் சரிசெய்வதை மட்டுமே குறிக்கும் சொல்லாகச் சுருங்கிவிட்டது. பொருட்சுருக்கம் எல்லா மொழிகளிலும் நிகழ்வது. நெய் என்ற சொல் எண்ணெய்ப் பொதுமையிலிருந்து பசுநெய்க்குச் சுருங்கியதால் எவருக்கும் கேடில்லை. அலைன்மெண்ட் என்ற சொல் சுருங்கியதோடு அச்சொல் குறித்த வேலையும் சுருங்கிவிட்டதுதான் சிக்கல். டை ராடைத் திருகி டோவைச் சரிசெய்ய நேரமும் கருவியும் குறைவாகவே வேண்டும். கேம்பருக்கும் காஸ்டருக்கும் ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும், ஷிம் மாற்ற வேண்டும், சில வண்டிகளில் மேல் ஆர்மையே மாற்ற வேண்டும். கணினித் திரையில் டோ பச்சையாகவும் மற்றவை சிவப்பாகவும் இருக்கும்போதே ரசீதில் அலைன்மெண்ட் என்று எழுதப்படுகிறது. வாடிக்கையாளர் அந்தச் சொல்லின் முழுப்பொருளுக்குப் பணம் கொடுத்ததாக நினைக்கிறார். கடைக்காரரும் பொய் சொல்லவில்லை. அவர் அறிந்த பொருளில் அவர் அந்தச் சொல்லை ஆண்டிருக்கிறார். இருவருக்கும் இடையே ஒரு சொல் இரு வேறு பொருள்களோடு நின்று சிரிக்கிறது.

சரியான அலைன்மெண்ட்டும் தீர்க்க முடியாத கோளாறு ஒன்று உண்டு. உயரம் குறைந்த பிறகு டை ராட் சமநிலையிலிருந்து விலகிச் சாய்ந்து நிற்கிறது. நின்ற நிலையில் டோவைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தாலும், சாலைப் பள்ளத்தில் சக்கரம் ஏறியிறங்கும் ஒவ்வொரு முறையும் அது தானாகத் திரும்பும். ஓட்டுநர் திருப்பாமலே வண்டி திரும்புகிறது. இதற்கு மருந்து அலைன்மெண்ட் மேசையில் இல்லை. டை ராடின் சாய்வையே மீட்க வேண்டும். இருசக்கர உந்துவிசை பிக்கப்புகளுக்கு அமெரிக்காவில் நெடுங்காலமாக வழங்கும் முறை இதனாலேயே மேலானது. அங்கு ஸ்பிரிங்கைத் தொடுவதில்லை. சக்கரம் அமரும் ஸ்பின்டிலை மாற்றுகிறார்கள். புதிய ஸ்பின்டிலில் சக்கர அச்சு மேலே தள்ளி அமைந்திருக்கும். ஆர்ம்களும் டை ராடும் தங்கள் பழைய கோணங்களிலேயே நிற்க, வண்டி மட்டும் கீழிறங்கும். முன்சக்கரங்களையும் எஞ்சின் இயக்கும் வண்டிகளுக்கு இம்முறை எளிதில் பொருந்தாது. விலையும் அதிகம். ஆகவே நம் பக்கத்தில் அறுக்கும் கத்திதான் எடுக்கப்படுகிறது. காயில் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்தால் மீதமுள்ள சுற்றுகள் முன்னினும் விறைப்பாகின்றன. கேஸ் விளக்கால் சூடாக்கிப் படியவைத்தால் எஃகின் பதமே போய்விடுகிறது. முதலாவது முரட்டுத்தனம். இரண்டாவதைக் குற்றம் என்றே சொல்லலாம்.

பின்பக்கம்தான் உண்மையில் அஞ்ச வேண்டிய இடம். காரை இறக்கிப் பழகியவர் பிக்கப்பிலும் கைவைக்கும்போது தடுமாறுவது இங்கேதான். பிக்கப்பின் பின்புறம் முழுநீள ஹவுசிங் ஒன்று. அதன்மேல் இருபுறமும் லீஃப் ஸ்பிரிங், பட்டறைப் பேச்சில் பட்டை. பெரும்பாலான பிக்கப்புகளில் பட்டை ஹவுசிங்குக்கு மேலே இருக்கும். அதை இறக்க வழிகள் பல. பட்டைகளில் ஒன்றிரண்டைக் கழற்றுவது எளியது, கெட்டதும் அதுவே: சுமை ஏற்றினால் தாங்காது. நீளம் மாறிய ஷேக்கிள் போடுவது நடுத்தரம். ஹவுசிங்கைப் பட்டைக்கு மேலே தூக்கிவைப்பது பெரிய மாற்றம். பட்டைத் தொகுதியின் தடிமனும் ஹவுசிங் குழாயின் விட்டமும் சேர்ந்த அளவுக்கு வண்டி ஒரே அடியாக இறங்கிவிடும். இதற்கு ஹவுசிங்கின் அடிப்புறத்தில் புதிய இருக்கைகளைப் பற்றவைக்க வேண்டும். அந்தப் பற்றுவைப்பு எந்தக் கோணத்தில் அமைகிறதோ அந்தக் கோணத்தில்தான் புரொப்பல்லர் ஷாஃப்டின் பின்முனை நிற்கும். ஷாஃப்டின் இருமுனைகளிலும் உள்ள கிராஸ் ஜாயிண்ட்டுகளின் கோணங்கள் ஒன்றுக்கொன்று சமமாகவும் எதிராகவும் இருந்தால்தான் சுழற்சியின் ஏற்றத்தாழ்வு ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். கோணம் பிசகினால் குறிப்பிட்ட வேகத்தில் வண்டி நடுங்கத் தொடங்கும். வீல் பாலன்ஸ் செய்தும் டயர் மாற்றியும் போகாத நடுக்கம் அது.

பட்டைகளை ஒன்றாகக் கோக்கும் சென்டர் போல்ட்டின் தலை ஹவுசிங் இருக்கையிலுள்ள குழியில் சரியாக உட்கார வேண்டும். ஒரு பக்கம் 10 மி.மீ. பின்தள்ளி உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். யூ போல்ட்டுகள் இறுக்கமாக இருப்பதால் அப்போதைக்கு எதுவும் தெரியாது. இரு பின்சக்கரங்களுக்கிடையே 1,500 மி.மீ. என்று கொண்டால் ஹவுசிங் ஏறத்தாழ 0.4 பாகை கோணலாகிவிட்டது என்பது கணக்கு. பின்சக்கரங்கள் ஒரு கிலோமீட்டருக்கு 6 மீட்டருக்கு மேல் வண்டியைப் பக்கத்தில் தள்ளப் பார்க்கும். அதைத் தடுக்க ஓட்டுநர் ஸ்டியரிங்கை நிரந்தரமாகச் சற்றுத் திருப்பியே பிடிக்க வேண்டும். இதைக் காணாமல் முன்சக்கரங்களை மட்டும் அளக்கும் கடையில் கொண்டுபோய் நிறுத்தினால், அங்கே ஸ்டியரிங்கை நேராக்கித் தருவார்கள். வண்டி தன் கோணலோடு நேராக ஓடுவதுபோல் தோன்றும். பின்னால் வருபவர்களுக்குத்தான் அது நண்டுபோல் பக்கவாட்டில் நகர்வது தெரியும்.

இவற்றைவிட நுட்பமானதும் ஆபத்தானதும் பிரேக். பிக்கப் வெறுமையாக இருக்கும்போது பின்புறம் இலேசு. சுமை ஏறினால் கனம். இரு நிலைகளுக்கும் ஒரே அளவு பிரேக் அழுத்தம் பொருந்தாது. ஆகவே பல பிக்கப்புகளில் சேசிஸுக்கும் ஹவுசிங்குக்கும் இடையே ஒரு சிறு நெம்புகோலும் அதனோடு ஒரு வால்வும் உண்டு. சுமை ஏறிச் சேசிஸ் தாழும்போது நெம்புகோல் அசைந்து, பின்சக்கரங்களுக்கு அதிக பிரேக் அழுத்தத்தை அனுப்பச் சொல்கிறது. வண்டியை 75 மி.மீ. இறக்கிவிட்டு இந்த நெம்புகோலைத் திருத்தாமல் விட்டால் வால்வு ஏமாந்துபோகும். வெறும் வண்டியைச் சுமையேறிய வண்டி என்று எண்ணிப் பின்சக்கரங்களுக்கு முழு அழுத்தம் கொடுக்கும். இலேசான பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளும். பின்புறம் முன்புறத்தை முந்தப் பார்க்கும். திருவனந்தபுரத்துக்கு ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று. கழக்கூட்டத்திலிருந்து தெற்கே செல்லும் புறவழிச்சாலையில் நனைந்த தளத்தில் வெறும் பிக்கப்பின் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்வது என்ன விளைவிக்கும் என்று விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆண்டிஸ்கிட் கருவிகள் பொருத்திய புதிய வண்டிகளில் இந்த வால்வு இல்லாமலிருக்கலாம். பழைய சரக்கு பிக்கப்புகள் இன்னும் எத்தனையோ ஓடுகின்றன.

ஒழுங்காகச் செய்ய விரும்பும் பட்டறை என்ன செய்யும்? தொடங்குமுன் நான்கு சக்கரங்களின் மேலும் மட்காட் விளிம்புவரை உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளும். மாற்றத்திற்கு முந்தைய கோணங்களை அச்சிட்டு வைக்கும். புதிய ஸ்பிரிங் போட்டபின் ஆர்ம் புஷ்களின் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்காது. நான்கு சக்கரங்களும் தரையில் நின்று, வண்டி தன் புதிய உயரத்தில் அமர்ந்த பிறகே இறுக்கும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் எந்நேரமும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சில மாதங்களில் கிழிந்துவிடும், உயரமும் பொய்யாகும். நம்மூர்ப் பட்டறைகளில் அதிகம் மீறப்படுவதும், மீறியது தெரியாமலே போவதும் இந்த ஒரு விதி எனலாம். பின்னர் டயர்க் காற்றைச் சரிபார்த்து, வண்டி வழக்கமாகச் சுமக்கும் எடையை ஏற்றி, முதலில் பின்ஹவுசிங்கின் கோணலை நீக்கி, அதன்பின் காஸ்டர், கேம்பர், கடைசியில் டோ என்ற வரிசையில் திருத்தும். வரிசை மாறினால் வேலை வீண், ஏனெனில் கேம்பரைத் தொட்டால் டோ மாறும். நெம்புகோல் வால்வைப் புதிய உயரத்துக்கு ஏற்பத் திருத்தும். முகப்பு விளக்கின் நோக்கையும் சரிசெய்யும். ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டரில் இன்னும் சற்றுப் படியும் என்பதால் ஒரு மாதத்தில் மீண்டும் வரச் சொல்லும். சேசிஸின் அடியில் உள்ள ரப்பர் தடுப்புக்கும் ஹவுசிங்குக்கும் இடையே எவ்வளவு இடைவெளி மிஞ்சியிருக்கிறது என்பதையும் பார்க்கும். நம் சாலைகளில் தரையிலிருந்து அடிப்பகுதி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைவிட இதுவே முக்கியம். இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த வேகத்தடையின் உயரம் 100 மி.மீ.; உயரமான பிக்கப் 50 மி.மீ. இறங்கினாலும் அதைத் தாண்டிவிடும். ஆனால் இடைவெளி இல்லாத ஹவுசிங் ஒவ்வொரு வேகத்தடையிலும் சேசிஸை இடிக்கும்.

இத்தனையும் படித்தவர், அப்படியானால் இறக்காமலே இருந்துவிடலாமே என்று கேட்கக்கூடும். கேட்கலாம். ஆனால் அதே கேள்வியை ஏற்றுபவரிடமும் கேட்க வேண்டும். சாலைச் சந்தைக்குக் களியக்காவிளை வழியாகத் தமிழ்நாட்டுக் காய்கறி ஏற்றிவரும் பிக்கப்புகளையும், செங்கல்லும் எம்-சாண்டும் சுமப்பவற்றையும் பின்னாலிருந்து பார்த்தால் சிலவற்றின் பின்புறம் வெறுமையாக இருக்கும்போது விறைத்து நிமிர்ந்து நிற்பது தெரியும். நிறுவனம் கொடுத்த பட்டைகளோடு கூடுதலாக ஒன்றிரண்டு பட்டைகள் ஏற்றப்பட்டிருக்கின்றன. அதுவும் சஸ்பென்ஷன் மாற்றமே. அங்கும் கிராஸ் ஜாயிண்ட்டின் கோணம் மாறுகிறது. வண்டி முன்னோக்கிச் சாய்ந்து காஸ்டர் குறைகிறது. நெம்புகோல் வால்வு எதிர்த்திசையில் ஏமாறுகிறது. முழுச் சுமை ஏறியும் சேசிஸ் போதிய அளவு தாழாததால் பின்சக்கரங்களுக்குப் போதுமான பிரேக் கிடைக்காது. போதாக்குறைக்கு அனுமதிக்கப்பட்ட எடைக்கு மேல் சுமப்பதற்காகவே அந்தப் பட்டைகள் ஏறியிருக்கின்றன. ஈர்ப்பு மையமும் உயர்கிறது. ஒரு வண்டி கவிழாமல் நிற்கும் திறனைச் சக்கர இடைவெளியில் பாதியை ஈர்ப்பு மைய உயரத்தால் வகுத்து மதிப்பிடுவது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் வழக்கம். அந்தக் கணக்கில் இறக்கிய வண்டி மேம்படுகிறது. ஏற்றிய வண்டி கெடுகிறது. ஆயினும் சாலையோரத்தில் நிறுத்தப்படுவது முன்னதே. இறக்குபவர் சொகுசுக்காரர், ஏற்றுபவர் உழைப்பாளி என்ற எண்ணம் இதற்குப் பின்னால் இருக்கிறது. உழைப்பாளியைத் தண்டிக்க வேண்டும் என்பதன்று வாதம். மாற்றத்தின் நோக்கத்தை வைத்து ஆபத்தை மதிப்பிடக் கூடாது என்பதே வாதம்.

சட்டத்தின் நிலை என்ன? 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் கேரள உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பை ஒதுக்கி, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி உற்பத்தியாளர் குறித்தளித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்ற இயலாது என்றது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம் 182ஏ என்னும் பிரிவைச் சேர்த்து, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் தண்டம் அல்லது 6 மாதம்வரை சிறை அல்லது இரண்டும் என்று வகுத்தது. சட்டவாசகத்தைப் படித்தால் தீர்ப்பு பிழையானதென்று சொல்ல இடமில்லை. உற்பத்தியாளர் சோதித்துச் சான்று பெற்ற வடிவத்தை எவரும் மனம்போனபடி மாற்றலாம் என்றால் சோதனைக்கே பொருளில்லை. ஆனால் பதிவுச் சான்றிதழில் தரையிலிருந்து உயரம் என்றொரு பத்தி கிடையாது. கேம்பரும் காஸ்டரும் அதில் இல்லை. சாலையோர அதிகாரியின் கையில் கோணமானி இல்லை. கண் மட்டுமே உண்டு. கண்ணுக்குப் பட்டது தண்டிக்கப்படுகிறது, படாதது ஓடுகிறது. தனியார் பதிவு பெற்ற வி-கிராஸ் போன்ற வண்டிக்குப் பதிவு முடியும் 15 ஆண்டுவரை தகுதிச் சோதனையே இல்லை. சரக்கு வண்டிக்கு முதல் 8 ஆண்டுகளில் 2 ஆண்டுக்கொருமுறையும் பிறகு ஆண்டுதோறும் உண்டு. முழுத்தடை வேறொன்றையும் செய்கிறது: வேலை தெரிந்த பட்டறை சட்டத்துக்கு அஞ்சி விலக, அஞ்சாத பட்டறையிடம் வேலை போய்ச் சேர்கிறது.

கண்ணால் மட்டும் அளக்கும் சட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கலிபோர்னியா பாடம். 1950களின் இறுதியில் அம்மாநிலம், காரின் எப்பகுதியும் சக்கர விளிம்பின் அடிப்பாகத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்று விதித்தது. மெக்சிக்க வம்சாவளி இளைஞர்களின் உயரம் குறைத்த கார்களே இதன் இலக்கு என்பது பரவலான கருத்து. 1959-இல் ரான் அகிர்ரே என்னும் இளைஞர் தம் கார்வெட்டில் ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தினார். விசையைத் தட்டினால் கார் உயரும், மீண்டும் தட்டினால் தாழும். காவலர் வரும்போது சட்டப்படி, போன பின் விருப்பப்படி. அந்தக் கருவியிலிருந்தே கார்கள் துள்ளியாடும் ஒரு கலையே பிறந்தது. விதி அறுபதாண்டுக்கு மேல் நீடித்து, 2024 ஜனவரி முதல் நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலமெல்லாம் அது அளந்தது உயரத்தை; சக்கரத்தின் கோணத்தை அன்று.

ஜெர்மனி வேறு வழியில் சென்றது. அங்கு ஸ்பிரிங்கை மாற்றலாம். ஆனால் சான்று பெற்ற பாகமாக இருக்க வேண்டும், மாற்றியபின் அங்கீகரிக்கப்பட்ட பொறியாளர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஆஸ்திரேலியாவின் மாற்றியமைப்பு நெறி, சக்கரம் ஏறியிறங்கும் தொலைவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையக் கூடாது என்கிறது. அளக்கத்தக்க ஒன்றைச் சட்டம் கேட்பதன் எளிமை அதில் இருக்கிறது.

இந்தியாவில் இதற்கான கருவிகளும் ஆட்களும் இல்லை என்று சொல்வதற்கில்லை. தானியங்கித் தகுதிச் சோதனை நிலையங்களில் சக்கரத்தின் பக்க நழுவலை அளக்கும் தகடு இருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை மீட்டர் என்ற அதே அலகில்தான் அது விடை சொல்கிறது. திருவனந்தபுரத்திலேயே ஆக்குளத்தில் 1976 முதல் போக்குவரத்து ஆய்வு நடத்திவரும் நாட்பாக் நிறுவனம் இருக்கிறது. அதற்கு அருகிலேயே ஸ்ரீகாரியத்தில் 1939-இல் தோன்றிய அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து, கேரளத்தில் அதிகம் ஓடும் சில பிக்கப் வகைகளுக்கு எத்தனை மி.மீ. வரை இறக்கலாம், எத்தனை பட்டைகள் வரை ஏற்றலாம், அதன்பின் கோணங்கள் எந்த எல்லைக்குள் நிற்க வேண்டும் என்று வகுக்க முடியும். மத்தியச் சட்டத்தை மாநிலம் தன்னிச்சையாக மாற்ற இயலாது. ஆனால் மத்திய அரசிடம் விதி கேட்கும்போது வெறும் கோரிக்கையோடு போவதற்கும் அளவுகளோடு போவதற்கும் வேறுபாடு உண்டு. பல்கலைக்கழகங்களில் முனைவர்ப் பட்டத்துக்குத் தலைப்பு தேடும் இயந்திரப் பொறியியல் மாணவர்களுக்கு இதைவிட மண்ணோடு ஒட்டிய தலைப்பு எளிதில் வாய்க்காது.

வழி திறந்துவிட்டால் எல்லோரும் நுழைந்துவிடுவார்கள் என்பது அதிகாரிகள் தரப்பில் எழக்கூடிய மறுப்பு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. சான்று விற்கப்படும் நாட்டில் சான்றுமுறையைப் பரிந்துரைப்பவர் அதை மறந்துவிடக் கூடாது. ஆனால் அச்சிட்ட கோணத்தாளை மறுநாளே வேறொரு கடையில் மீண்டும் அளந்து பார்த்துவிட முடியும். புகைச்சான்றைப்போல் நாளைக்கு மாறிவிடுவதில்லை கேம்பர். பொய்த்தாள் கொடுத்த பட்டறையைக் கண்டுபிடிப்பது, தாளே கேட்காத இன்றைய நிலையில் கண்டுபிடிப்பதைவிட எளிது.

விதி வரும்வரை பட்டறைக்குப் போகிறவர்கள் கேட்கத்தக்கது ஒன்று உண்டு. அலைன்மெண்ட் முடிந்தது என்றதும் முன்னும் பின்னுமான இரு தாள்களையும் அச்சிட்டுத் தரும்படி கேட்கலாம். அதில் நான்கு சக்கரங்களுக்கும் எண்கள் இருக்க வேண்டும். டோ, கேம்பர், காஸ்டர் மூன்றும் முன்பக்கத்துக்கு இருக்க வேண்டும். பின்ஹவுசிங்கின் கோணல் தனியே ஓர் எண்ணாக இருக்க வேண்டும். பெரும்பாலான தாள்களில் பின்பக்கக் கட்டங்கள் வெறுமையாக இருக்கும். அந்தக் கட்டங்களைக் காட்டி ஏன் இவை நிரப்பப்படவில்லை என்று கேட்டால், இது ஹவுசிங் வண்டி, பின்னால் அலைன்மெண்ட் கிடையாது என்ற பதில் வரக்கூடும். திருத்துவதற்கு அங்கே திருகு இல்லை என்பது அதன் பொருள். அளப்பதற்குத் திருகு தேவையில்லை.